மூணாவது கை

எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் சுகந்தானே? இன்றைக்கு ஒரு போன் பேச்சைச் சொல்கிறேன். பேசுகிறவள் அக்கா. மறுமுனையில் தங்கை. அக்காவின் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கும். தங்கை என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

"ஹலோ... ஹலோ, நான்தாண்டி... அக்காதான். ஆபீஸ் போன்ல இருந்து பேசறேன்... ஆமா, ஆமா, செல்லை எல்லாம் இன்னைக்குக் காலையிலயே கேட்ல வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க. அதை விடு. உன் வீட்டுக்காரர் கிளம்பிட்டாரா?... இஸ்திரியா?... சரி, போடட்டும். மெதுவா போடச் சொல்லு. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா."

அவளை அங்கே எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்பார்கள். சுரங்கம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அதைக் காவல் காப்பது வேறொரு கம்பெனி. துப்பாக்கியும் ஆளும் சேர்த்து வாடகைக்கு விடுகிற கம்பெனி. எந்தக் காவல்காரர் எந்த கேட்டில் எத்தனை மணிக்கு நின்றார் என்று எழுதி வைக்கிற தடி ரிஜிஸ்டர் இவள் மேசையில் இருக்கும். தங்கையின் புருஷனும் அங்கேதான் காவல்காரர்.

ஆபீஸ் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு மேசை, ஒரு அலமாரி, ஒரு நகல் மெஷின். பெரிய மேசை சூப்பர்வைசருடையது. அவருக்குப் பின்னால் அவரை மீசை என்பார்கள், முன்னால் சார் என்பார்கள். இந்த வேலைக்கு வருமுன் பத்து வருஷம் சீருடைக் கிடங்கில் இருந்தவர். ஆளை வாசலில் பார்த்ததுமே தோள் பதினெட்டு, இடுப்பு முப்பத்தெட்டு என்று சொல்லிவிடுவார். டிராயரில் இன்னும் ஒரு அளவு நாடா சுருண்டு கிடக்கிறது. இப்போது அவர் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதை மேற்பார்க்கப் போயிருந்தார்.

"இல்லடி, வாழ்த்துச் சொல்லக் கூப்பிடல. கேளு. குறுக்கே பேசாதே. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்தக் குழு வருதில்ல... ஆமா, வெளிநாட்டுக் குழு. பல நாடு சேர்ந்து வச்சிருக்கிற சங்கம். துப்பாக்கிக் கம்பெனிங்க ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிறவங்க. அவங்க சர்டிபிகேட் குடுத்தாத்தான் இந்தக் கம்பெனிக்கு வேலை. அந்தத் தண்ணி லாரி டிரைவரோட சம்சாரம் புகார் எழுதிப் போட்டிருக்கு, அதுக்குத்தான் வராங்க... ஆமா, அந்தச் சாவுதான்... உன் வீட்டுக்காரரை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு சொன்னாங்க?... நல்ல காவல்காரன்னு காட்டவா? அப்படியா சொன்னாங்க?"

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கேட்டுப் பக்கம் பெயின்ட் டப்பாவும் ஏணியும் தெரிந்தன. மீசையின் தொப்பி அங்கேதான் அசைந்துகொண்டிருந்தது.

"அடியே, கதவைச் சாத்திட்டுக் கேளு. காலையில நகல் எடுக்கப் போனேன். மெஷின் தட்டுல ஒரு தாள் முன்னாலயே கிடந்துச்சு. உன் வீட்டுக்காரர் பேர் போட்டிருந்துச்சு. படிச்சேன்... வாக்குமூலம்டி. லாரி டிரைவரைச் சுட்டது நான்தான், மனைவி பிரசவத்துக்கு லீவு கிடைக்காத மன உளைச்சல்ல சுட்டுட்டேன், கம்பெனிக்கு இதுல சம்பந்தமில்லைன்னு... ஆமா. எல்லாம் டைப் பண்ணி முடிச்சு, கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கு... அழாதே. அழுதா காதுல விழாது. பிள்ளை முழிச்சுக்கும்."

இதில் தங்கை அழுவதற்கு இருந்த காரணத்தைவிட அக்காவுக்குப் பெரிய காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும், தங்கைக்கு வலி கண்டது. லீவு வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் போனால் வேலை போய்விடும். அதனால் காவல்காரர்களுக்குள் ஒரு பழக்கம்: பேர் மாத்து. ஒருவன் பேரில் இன்னொருவன் நின்றுகொள்வான். ரிஜிஸ்டரில் வராதவன் கையெழுத்தே இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அன்றைக்குத் தங்கை புருஷன் பேரில் மேற்கு கேட்டில் நின்றவன் மீசையின் மச்சான். பத்து மணிக்குத் தண்ணி லாரி வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் கையை ஆட்டியிருக்கிறார். மச்சான் சுட்டான்.

ரிஜிஸ்டரில் அன்று காலை ஆறு மணிக்கே தங்கை புருஷன் கையெழுத்தைப் போட்டது இவள்தான். பாவம், முதல் பிரசவம் என்று போட்டாள். மூன்று கோடு, ஒரு சுழி. அத்தனை அழகாகப் போட்டிருந்தாள், அவராலேயே அப்படிப் போட முடியாது.

"என்னைத் திட்டு. அப்புறம் திட்டு. நாள் முழுக்கத் திட்டு. இப்ப அவர்கிட்ட போனைக் குடு... குடுடி... மாப்பிள்ளை, நான்தான். உங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற கம்பெனி ஜீப்ல நீங்க ஏறக்கூடாது... இல்லை, ஜீப் பதினோரு மணிக்கு வருதுன்னா குழு பன்னெண்டு மணிக்கு வருது. நடுவுல ஒரு மணி நேரம் எதுக்கு?... பழைய கிடங்குக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஜீப் டிரைவர்கிட்ட மீசை அப்படித்தான் சொன்னார், என் காதால கேட்டேன்... மாப்பிள்ளை, அவர் உங்க தோள்ல கைபோட்டுப் பேசினது எனக்குத் தெரியும். எல்லார் தோள்லயும் போடுவார். அளவு எடுக்கிற பழக்கம்."

அவர் நம்பவில்லை என்பது இவள் முகத்திலேயே தெரிந்தது. கம்பெனி கொடுத்த பூட்ஸைத் தினமும் பாலிஷ் போடுகிற மனிதர். நான் செய்யாததில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், போடமாட்டேன் என்றால் விட்டுவிடப் போகிறார்கள் என்றாராம். இவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, டவர்ல நின்னாரே ஒருத்தர், நெட்டையா, பாட்டுப் பாடிக்கிட்டே இருப்பாரே... ஆமா, அவர்தான். போன வருஷம் அவரையும் டிரெயினிங்னு சொல்லித்தான் ஜீப்ல ஏத்தினாங்க. வேற ஊருக்கு மாத்திட்டதா ரிஜிஸ்டர்ல எழுதச் சொன்னாங்க, எழுதினேன். அவர் சைக்கிள் இன்னும் இங்க ஷெட்லதான் நிக்குது. ரெண்டு டயரும் தரையோட ஒட்டிப் போச்சு. பின்னால கேரியர்ல சாப்பாட்டுப் பை கட்டின கயிறு அப்படியே இருக்கு. ஊர் மாறிப் போறவர் சைக்கிளை விட்டுட்டுப் போவாரா?... சொல்லுங்க, போவாரா?"

சரி, ஏறவில்லை என்றாராம். அப்புறம் இவள் தலை மெல்ல ஆடியது.

"ம்... ம்... சரி. சட்டையைக் கழட்டுங்க. சாதாச் சட்டை போடுங்க. ஆஸ்பத்திரியில உங்ககிட்ட ஆபரேஷன் சம்மதக் கையெழுத்து வாங்கினாங்கல்ல, அந்த நகல் எங்கே?... பிள்ளை ஃபைல்ல. நேரம் போட்டிருக்கா?... ஒன்பது ஐம்பத்தஞ்சு. சாமி, அது போதும். பத்து மணிக்கு இங்க துப்பாக்கி பிடிச்சவர் ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு அங்க பேனா பிடிக்க முடியாது. பிள்ளை கையில கட்டின பட்டையையும் எடுத்துக்கங்க, தேதி இருக்கும். தங்கச்சிகிட்ட குடுங்க போனை."

"அடியே, பேப்பர் பேனா எடு. அந்தச் சங்கத்துக்கு ஒரு நம்பர் இருக்கு. நம்ம பாஷையிலயே பேசலாம், யார் சொன்னாங்கன்னு வெளியே விடமாட்டோம்னு போட்டிருக்கு... எங்கேயா? இங்கதான், என் தலைக்கு மேலதான். போஸ்டர். கேட்ல எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டணும்னு சட்டம். மீசை இங்க அலமாரிக்குப் பக்கத்துல குத்தி வச்சிருக்கார். ஒன்றரை வருஷமா இதுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறேன், ஒரு தடவை படிச்சதில்லை... பேனா கிடைச்சுதா?... பென்சிலா இருந்தா என்ன, கண் மை கூடப் போதும். எழுது. அவங்ககிட்ட முதல்ல..."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"...முதல்ல துணியை நனைக்கணுமா டைலரம்மா? அந்த நீலத் துணி சுருங்குமா?... ஆமா, ஆமா, பிளவுஸுக்குத்தான் கேக்கறேன்... என்னது, பைத்தியமா? இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்கு ஆள் நிக்கிறது புரியுதில்ல, அதான், கடையில ஆள் நிக்கிறாங்கல்ல, நான் காத்திருக்கேன்."

மீசை உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கையில் பச்சைப் பெயின்ட். இவளைப் பார்த்துச் சிரித்தார். பருத்தியா என்று கேட்டார்.

"சார் கேக்கறார், பருத்தியான்னு... பருத்திதான் சார்... டைலரம்மா, சார் சொல்றார், ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு நிழல்ல காயவச்சு வெட்டணுமாம். இல்லேன்னா கை ஏறிக்கும்னு சொல்றார்... ஆமா, சாருக்கு எல்லாம் தெரியும்... ரிஜிஸ்டரா சார்? இதோ. இந்தாங்க... அந்த மாசத்துப் பக்கம்தானே? மடிச்சு வச்சிருக்கேன் சார்."

அவர் ரிஜிஸ்டரை வாங்கி, மடித்த பக்கத்தைப் பிரித்து, மேற்கு கேட் வரிசையில் விரலை ஓட்டினார். மூன்று கோடு, ஒரு சுழி. அந்தக் கையெழுத்தின்மேல் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அழகான கையெழுத்து என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெளியே போய்விடுவார் என்றுதான் இவள் நினைத்தாள். அவர் போகவில்லை. அலமாரிப் பக்கம் வந்து நின்று போஸ்டரை அண்ணாந்து பார்த்தார்.

இவளுக்கு விளங்கிவிட்டது. குழு வரும்போது அது கேட்டில் இருக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக அங்கேயே இருந்த மாதிரி இருக்க வேண்டும். ஓரங்களைக் கசக்கி, கொஞ்சம் தூசி தடவினாலும் தடவுவார். அவர் நகத்தால் முதல் குண்டூசியைக் கிளப்பினார்.

நம்பர் போஸ்டரின் அடிவரியில், பெரிய எழுத்தில் இருந்தது. பத்து இலக்கம்.

"டைலரம்மா, அளவு எழுதிக்கங்க. இப்பவே எழுதிக்கங்க... அதான், முதல்ல சொன்னேனே பென்சில் எடுங்கன்னு, அந்த அளவுதான். நான் சொல்றதை வரிசையா, சேர்த்துச் சேர்த்து எழுதுங்க. மார்பு முப்பத்தாறு... ஆமா, மூணு, ஆறு. உங்களுக்குக் காது மந்தமாச்சேன்னு பிரிச்சுச் சொல்றேன்... இடுப்பு முப்பது. மூணு, சைபர்... இளைச்சுட்டேன்மா, வேலை அப்படி."

இரண்டாவது ஊசி வந்துவிட்டது. போஸ்டரின் ஒரு பக்கம் சரிந்து, நம்பர் சாய்ந்தது. இவளும் கூடவே கழுத்தைச் சாய்த்தாள்.

"கை பத்து. ஒண்ணு, சைபர்... எழுதியாச்சா?"

மூன்றாவது ஊசி. காகிதம் அவர் கையில் மடங்கி விழுந்தது. அடிவரி உள்பக்கம் போய்விட்டது. இன்னும் நாலு இலக்கம் பாக்கி.

"சார், மடிச்சா கோடு விழுந்துடும் சார். குடுங்க, நான் சுருட்டித் தரேன்... ஒரு கையாலயே சுருட்டிடுவேன் சார், பழக்கம்தான்... இருங்க டைலரம்மா, வச்சுடாதீங்க."

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காகிதத்தை மேசையில் விரித்தாள். மேலிருந்து சுருட்டத் தொடங்கினாள், மெதுவாக. மீசை எதிரில் மேசை ஓரத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம்.

இரண்டு நிமிஷத்தில் ஜீப் வந்துவிடும் என்னும்போது மனுஷிக்கு வாயில் என்ன வார்த்தை வரும்? கழுத்து இருக்கிறது, முதுகு இருக்கிறது, உயரம் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை. கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கை பன்னெண்டு... ஆமா, ஒண்ணு, ரெண்டு... கைதான்மா... அதுக்கப்புறம், கை ஒன்பது."

மேசை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

மீசை எழுந்து தன் மேசைக்குப் போனார். டிராயரை இழுத்தார். அளவு நாடாவை எடுத்து, வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பிரித்தார். பத்து, பன்னெண்டு, ஒன்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவர் இவளைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை கையா, சார்?"

அவர் பதிலுக்காக நின்றார்.

"...மூணு, சார்."

தங்கை அந்தப் பக்கம் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தாள். மீசையின் கண் இவள் கையில் பாதி சுருண்டு கிடந்த போஸ்டருக்கு இறங்கியது. அடிவரியில் இவள் விரல் ஊன்றியிருந்தது. முப்பத்தாறு, முப்பது, பத்து என்று அவர் கண் இடமிருந்து வலமாக நடந்தது. கடைசி இலக்கம் மட்டும் இவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அவர் நாடாவை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

போனுக்குள்ளே, தூரத்தில், ஒரு ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஒரு முறை. பிறகு நீளமாக ஒரு முறை.

அவள் கட்டைவிரலை எடுத்தாள்.

"அடியே, கடைசி ஏழு. ஏழு. அவரைப் பின்பக்கமா அனுப்பிட்டு நீ உடனே போன் பண்ணு. டைலர் இல்லை, நான் உன் அக்கா பேசறேன். அந்தக் கையெழுத்தை ரிஜிஸ்டர்ல போட்டது நான்தான்னு சொல்லு, என் பேரைச் சொல்லு. அப்புறம் ஷெட்ல ஒரு சைக்கிள் நிக்குதுன்னு சொல்..."

பச்சைப் பெயின்ட் ஒட்டிய விரல் ஒன்று, ரிசீவர் வைக்கும் கட்டையை அழுத்தி லைனைத் துண்டித்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் கட்டையில் பச்சை இருந்தது.

இவ்வளவுதான் எனக்குக் கேட்டது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலும் அப்படி ஒரு நம்பர் எழுதிய காகிதம் இருக்கும். எந்தச் சுவரில் இருக்கிறது, யார் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.